ஆப்பிரிக்கக் கதை ஆப்பிரிக்காவுலயே கிடைக்காம போறது ஏன்? கான்ட்ராக்ட்ல பாக்க வேண்டிய அந்த ஒரு வரி

நைரோபில ஒரு சின்ன பதிப்பகம் நடத்தறோம். கிழக்கு ஆப்பிரிக்க எழுத்தாளர்களோட சிறுகதையும் நாவலும் மட்டும்தான் போடறது, எடிட்டிங்ல ஆரம்பிச்சு பிரிண்டர்கிட்ட பேரம் பேசறது, பில் போடறது, பார்சல் கட்டறது வரைக்கும் எல்லாம் நாங்களேதான். ஊர்லேர்ந்து பேசற நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்விய கேக்கறாங்க, ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கு நோபல் வருது, புக்கர் வருது, உலகம் பூரா படிக்கறாங்க, அப்புறம் உங்களுக்கு என்னங்க கஷ்டம், நல்லா ஓடணுமேன்னு. கஷ்டம் எங்க இருக்குன்னா, கதை இங்க நடக்குது, எழுதினவங்க இந்த ஊர்க்காரங்க, ஆனா அந்தக் கதைய இந்த ஊர்ல அச்சடிச்சு விக்கற உரிமை பல நேரம் லண்டன்ல ஒரு ஆபீஸ்ல இருக்கு. எழுதறவங்க, மொழிபெயர்க்கறவங்க, பதிப்பகம் ஆரம்பிக்கலாம்னு யோசிக்கறவங்க எல்லாரும் இத தெரிஞ்சுக்கணும்.

கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும் எழுத்தாளர் முதல்ல தேடறது அட்வான்ஸ் எவ்வளவு, அடுத்தது ராயல்டி எத்தன சதவீதம். டெரிட்டரின்னு ஒரு பிரிவு இருக்கும், இந்த பதிப்பகம் எந்தெந்த நாட்டுல விக்கலாம்னு சொல்றது, அத யாரும் நின்னு படிக்கறதில்ல. லண்டன் பதிப்பகம்னா பெரும்பாலும் 'பிரிட்டன் மற்றும் காமன்வெல்த்'னு போட்டு கடைசில ஒரு நீளமான நாட்டு பட்டியல ஒட்டியிருப்பாங்க. அகர வரிசைல போகும், கானா, கென்யா, நைஜீரியா, உகாண்டா எல்லாம் அதுக்குள்ள இருக்கும், இந்தியாவும் இலங்கையும் கூட பல கான்ட்ராக்ட்ல அதே பட்டியல்லதான். கையெழுத்து போட்டாச்சுன்னா அப்புறம் அந்த புக்க நைரோபில யாரும் தனியா போட முடியாது. லண்டன்ல அச்சடிச்சத கப்பல்லயோ ஃப்ளைட்லயோ வரவச்சுதான் விக்கணும். 9.99 பவுண்ட் புக்னா இன்னிக்கு கணக்குல 1,700 ஷில்லிங் பக்கம், அதுக்கு மேல போக்குவரத்து, கடைக்காரர் லாபம். அதே நாவல இங்க அச்சடிச்சா 1,000 ஷில்லிங்குக்கு தரலாம்.

இன்னொண்ணும் இருக்கு, இத எழுத்தாளர்களுக்கு எடுத்து சொன்னா முகமே மாறிடும். ஆப்பிரிக்காவுல விக்கற பிரதிகள் லண்டன் பதிப்பகத்தோட கணக்குல 'ஏற்றுமதி'. ஏற்றுமதிக்கு ராயல்டி அட்ட விலைல கணக்கு பண்ண மாட்டாங்க, டிஸ்கவுண்ட் எல்லாம் போக பதிப்பகத்துக்கு கைல வந்த தொகைலதான் கணக்கு, சதவீதமும் குறைவு. அதாவது கென்யா எழுத்தாளர் கதைய கென்யா வாசகர் வாங்கினா எழுத்தாளருக்கு வர்ற காசு லண்டன் வாசகர் வாங்கினா வர்றத விட கம்மி.

இந்தப் பழக்கம் நேத்து வந்தது இல்ல. 1947ல, இந்தியா சுதந்திரம் வாங்கின அதே வருஷம், பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க, அமெரிக்க புக்குக்கு உரிமை வாங்கறதா இருந்தா பழைய பேரரசு நாடுங்க மொத்தத்தையும் சேத்து தந்தாதான் வாங்குவோம்னு. அமெரிக்க நீதித்துறை போட்ட வழக்குல 1976ல அது முடிஞ்சுது. காகிதத்துல முடிஞ்சுது, பழக்கத்துல முடியல. இன்னிக்கும் கான்ட்ராக்ட் மாதிரிகள்ல அந்த பட்டியல் அப்படியே காப்பி ஆகி வந்துக்கிட்டே இருக்கு.

1962ல லண்டன் பதிப்பகம் ஹைனமன் ஆரம்பிச்ச ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசைய பத்தி நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபேதான் முதல் பத்து வருஷம் அதுக்கு ஆலோசகர். அந்த வரிசை இல்லேன்னா ஒரு தலைமுறை எழுத்தே வெளில வந்திருக்காது, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. ஆனா கணக்கு புத்தகம் லண்டன்ல இருந்துச்சு, வாங்கறவங்க பெரும்பாலும் நைஜீரியா மாதிரி நாட்டு பள்ளிக்கூடங்கள்ல இருந்தாங்க. 80கள் ஆரம்பத்துல நைஜீரியால அந்நிய செலாவணி தட்டுப்பாடு வந்து பணம் வெளில போறது அடைபட்டதும் அந்த வரிசைல புது புக் வர்றது சட்டுன்னு குறைஞ்சு போச்சு.

சின்ன பதிப்பகம் எதுக்கு வேணும்னு யாராவது கேட்டா நான் ஜெனிஃபர் நன்சுபுகா மகும்பியோட 'கிண்டு' நாவல காட்டுவேன். உகாண்டாக்காரங்க, மான்செஸ்டர்ல இருக்கறவங்க. பிரிட்டன்ல பதிப்பகங்க இது ரொம்ப ஆப்பிரிக்கத்தனமா இருக்குன்னு திருப்பி அனுப்பினாங்க. வெள்ளைக்காரர் வந்து போற கதை இல்ல அது, உகாண்டாவுக்குள்ள இருக்கற புகாண்டாங்கற பகுதில ஒரு குடும்பத்து மேல விழுந்த சாபம், தலைமுறை தலைமுறையா அது எப்படி தொடருதுன்னு உள்ளூர் வாசகரோட பேசற கதை. நைரோபில பின்யவாங்கா வைனைனா 2003ல ஆரம்பிச்ச க்வானிங்கற இலக்கியப் பதிப்பகம், கைப்பிரதி போட்டி ஒண்ணு நடத்தினாங்க, 2013ல அதுல 'கிண்டு'தான் முதல் பரிசு, 2014ல நைரோபில புக்கா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் 2017ல அமெரிக்கால ஒரு சின்ன பதிப்பகம், 2018ல பிரிட்டன் பதிப்பு, அதே 2018ல வின்ட்ஹாம் கேம்பல்ங்கற அமெரிக்க இலக்கியப் பரிசு. நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் டெஜு கோலோட 'எவ்ரி டே இஸ் ஃபார் த தீஃப்' கூட முதல்ல 2007ல நைஜீரியா தலைநகர் அபுஜால கசாவா ரிபப்ளிக் பதிப்பகம் போட்டதுதான், அமெரிக்க பதிப்பு வர 2014 ஆச்சு. ரெண்டு புக்குக்கும் முதல் வீடு ஆப்பிரிக்காவுலதான், வெளிநாட்டு பதிப்பு அதுக்கு பின்னாடி போச்சு. இந்த வரிசை முக்கியம், ஏன்னா முதல்ல இங்க போட்டா இங்கத்த உரிமை இங்கேயே நிக்கும்.

இனி பணத்துக்கு வரேன், இங்கதான் எல்லாரும் தப்பா நினைக்கறாங்க. 1,000 ஷில்லிங் போட்ட புக் ஒண்ண எடுத்துக்கோங்க. கென்யால 2013 சட்டத்துலேர்ந்து புக்குக்கு 16 சதவீதம் வாட், அதுலயே 138 போயிடும். மிச்சம் 862ல கடைக்கு 35 சதவீதம், 302. எழுத்தாளருக்கு பத்து சதவீதம் 86. அச்சு செலவு, 500 பிரதி மட்டும் போடற சிறுகதை தொகுப்புன்னா ஒரு பிரதிக்கு 300ன்னு வச்சுக்கோங்க. கைல நிக்கறது 174. அதுலதான் எடிட்டர், ப்ரூஃப் பாக்கறவர், கவர் வரையறவர், குடோன் வாடகை, விமர்சகருக்கு இலவசமா தர்ற பிரதி, விக்காம கடைலேர்ந்து அழுக்காகி திரும்பி வர்ற பிரதி எல்லாம். அதோட பிரிண்டர் பாதி பணம் முன்னாடியே கேப்பார், கடைக்காரரோ வித்ததுக்கு அப்புறம் மூணு மாசம் கழிச்சுதான் தருவார், அந்த இடைவெளிலதான் நல்ல நல்ல பதிப்பகங்க மூடிப் போகுது, புக் விக்காததால இல்ல.

காகிதமும் இருக்கு. 1950ல யுனெஸ்கோவோட ஃப்ளாரன்ஸ் ஒப்பந்தம் வந்துச்சு, அச்சான புக் எல்லை தாண்டும்போது சுங்க வரி கூடாதுன்னு. 1976ல அத விரிவாக்கி இன்னொரு ஒப்பந்தம் போட்டாங்க, புக் தயாரிக்கற காகிதத்துக்கும் அந்த சலுகை போகட்டும்னு, அது நிறைவேறினது இதே நைரோபில, அதனால அதுக்கு நைரோபி நெறிமுறைன்னே பேரு. ஆனா ஆப்பிரிக்காவுல பல நாட்டுல முழு புக் வரி இல்லாம உள்ள வருது, வெறும் காகிதத்துக்கும் இங்க்குக்கும் வரி உண்டு. அதான் இந்தியாலயும் சீனாலயும் அச்சடிச்சு மொம்பாசா துறைமுகம் வழியா கொண்டு வர்றது உள்ளூர்ல அச்சடிக்கறத விட பல நேரம் மலிவா முடியுது. அதுக்கும் டாலர்லதான் பணம் கட்டணும். நைஜீரியால 2023 ஜூன்ல நைராவ சந்தை விலைக்கு விட்டப்போ டாலர் 470 நைரா பக்கம் இருந்துச்சு, 2024ல 1,500ஐ தாண்டிச்சு. பழைய விலைக்கு ஆர்டர் எடுத்துட்டு புது விலைக்கு காகிதம் வாங்கணும்னா சின்ன பதிப்பகம் எப்படி தாங்கும், சொல்லுங்க.

புக்கடைங்களும் குறைஞ்சுக்கிட்டே வருது. இங்க கடைங்க பாடப்புத்தகத்துலதான் பொழச்சாங்க, 2018 வாக்குல அரசாங்கமே நேரா வாங்கி பள்ளிக்கு அனுப்ப ஆரம்பிச்சதும் சின்ன ஊர் கடைங்க நிறைய மூடிட்டாங்க, அவங்க ஓரமா வச்சிருந்த கதை புக் அலமாரியும் கூடவே போச்சு. அதனால எங்க வியாபாரம் பாதிக்கு மேல வாட்ஸ்ஆப்லதான். வாசகர் மெசேஜ் போடுவார், எம்பெசாங்கற மொபைல் பண சேவைல பணம் வரும், நைரோபிக்குள்ளன்னா பைக்கர்கிட்ட குடுத்து விடறது, எல்டோரெட் கிசுமுன்னா சாயங்கால பஸ்ல பார்சல் போட்டு பஸ் நம்பரையும் டிரைவர் நம்பரையும் அனுப்பிடுவோம், மறுநாள் காலைல ஸ்டாண்டுல போய் வாங்கிக்குவாங்க. கடை கமிஷன் மிச்சம் ஆகறதுல இன்னொரு புக் போட முடியுது. திருட்டுப் பதிப்பு பத்தி தனியா எழுதணும், இப்போதைக்கு ஒண்ணு மட்டும், பள்ளில பாடமா வைக்கற நாவல்தான் அதிகம் திருட்டு போகுது, காகிதம் மங்கலா, பைண்டிங் ரெண்டாவது வாசிப்புல கழண்டு வர்ற புக் பாதி விலைல ரோட்டோரம் கிடைச்சா அது திருட்டுப் பதிப்புதான்.

நைரோபிலேர்ந்து லாகோஸுக்கு ஒரு பார்சல் அனுப்பினா சில நேரம் புக் விலைய விட தபால் செலவு ஜாஸ்தி. அதுக்கு நாங்க கண்ட வழி, புக்க அனுப்பாம ஃபைல அனுப்பறது. ஆப்பிரிக்க சிறுகதைக்கு தர்ற கெய்ன் பரிசோட தொகுப்புல இத ஏற்கனவே செஞ்சு காட்டியிருக்காங்க, அச்சுக்கு தயாரான ஃபைல கானா, நைஜீரியா, கென்யா, உகாண்டா, ஜிம்பாப்வேன்னு அங்கங்க உள்ள பதிப்பகத்துக்கு குடுத்து, அவங்கவங்க ஊர் விலைக்கு அச்சடிச்சுக்கிட்டாங்க. 2021ல பிரான்ஸோட கோன்கூர் பரிசு வாங்கின செனகல் எழுத்தாளர் முகமது ம்புகார் சாரோட நாவலும் பாரிஸ் பதிப்பகமும் டாக்கர்ல இருக்கற சின்ன பதிப்பகம் ஜிம்சானும் சேந்து போட்டதுதான். அவ்வளவு பெரிய பரிசு வந்தப்போ அட்டைல டாக்கர் பேரும் இருந்துச்சு, அதப் பாத்த அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நாள் முன்னாடி இங்க ஒரு இளம் எழுத்தாளர், முதல் நாவல், லண்டன்லேர்ந்து வந்த கான்ட்ராக்ட வாட்ஸ்ஆப்ல போட்டோ எடுத்து அனுப்பினாங்க. "அங்க வந்தா இங்கயும் தானா வந்துடும்ல?"ன்னு கேட்டாங்க. "வரும்மா, ஆனா உங்க அம்மா வாங்கற விலைல வராது, கடைசி பக்கத்துல கென்யா இருக்கு பாருங்க"ன்னேன். கென்யா, உகாண்டா, தான்சானியா மூணையும் பட்டியல்லேர்ந்து எடுக்க சொல்லி அவங்க ஏஜென்ட் ஒரு மெயில் போட்டார், லண்டன்காரங்க மறுப்பே சொல்லல, உடனே எடுத்துட்டாங்க. அவங்க கணக்குல கென்யா விற்பனை ஒரு பொருட்டே இல்ல, பட்டியல்ல இருந்ததால இருந்துச்சு, கேட்டதும் போயிடுச்சு. கேக்காம விட்டதாலயே எத்தன நாவல் இப்படி மாட்டிக்கிட்டு இருக்குன்னு நினைச்சா வயித்தெரிச்சலா இருக்கு.

அதனால எழுதறவங்க தயவு பண்ணி கேளுங்க. உங்க நாட்ட தனியா வச்சுக்கோங்க, முடியலேன்னா ஒன்றரை வருஷத்துக்குள்ள உள்ளூர் விலைல பதிப்பு வரலேன்னா அந்த உரிமை திரும்பணும்னு ஒரு வரி சேருங்க. 'அச்சில் இல்லாதபோது உரிமை திரும்பும்'ங்கற பழைய வரிய மட்டும் நம்பாதீங்க, இப்ப ஆர்டர் வந்ததும் ஒரு பிரதி அச்சடிச்சு தர்ற பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல எந்த புக்கும் அச்சுல இல்லாம போறதே இல்ல, வருஷத்துக்கு இத்தன பிரதிக்கு கீழ வித்தா திரும்பணும்னு எண் போட்டு எழுதணும். 'அனைத்து மொழிகளும்'னு இருந்தா அதையும் அடிங்க, சொந்த மொழி பதிப்பு எவ்வளவு தாமதமா வருதுன்னு பாருங்க. 2021ல நோபல் வாங்கின அப்துல்ரசாக் குர்னா சான்சிபார்ல பிறந்து சுவாஹிலி பேசி வளர்ந்தவர், அவரோட 'பாரடைஸ்' இங்கிலீஷ்ல வந்தது 1994ல, சுவாஹிலில 'பேபோனி'ன்னு தான்சானியால தார் எஸ் சலாம்ல ம்குகி நா ந்யோட்டா பதிப்பகம் போட்டது நோபலுக்கு அடுத்த வருஷம், 2022ல.

தமிழ்ல ஆப்பிரிக்கக் கதைங்கள மொழிபெயர்க்கறவங்க நிறைய பேர் ஆர்வமா செய்யறாங்க, எனக்கு அதுல ரொம்ப மகிழ்ச்சி. இணையத்துல கிடைச்சத எடுத்து போடறதுக்கு முன்னாடி கதை முதல்ல எங்க வந்துச்சுன்னு காப்பிரைட் பக்கத்துல பாத்து அந்த பதிப்பகத்துக்கோ எழுத்தாளருக்கோ ஒரு மெயில் போடுங்க. எங்கள மாதிரி சின்ன இடத்துல பெரிய தொகை கேக்க மாட்டோம், சிறுபத்திரிகைன்னா பல நேரம் இதழ் பிரதி ரெண்டு அனுப்புனாலே போதும்னு சொல்லிடுவோம், ஆனா எழுத்துல ஒரு அனுமதி இருந்தா நாளைக்கு அத தொகுப்பா போடும்போது உங்களுக்கும் தலைவலி இல்ல, எழுத்தாளருக்கும் தன் கதை தமிழ்ல வந்திருக்குன்னு தெரியும். புக் வாங்கறவங்க நேரா அந்த ஊர் பதிப்பகத்துக்கிட்ட கேட்டு பாருங்க, இல்லேன்னா ஆக்ஸ்ஃபோர்டுல ஆப்பிரிக்க பதிப்பகங்களே சேந்து நடத்தற ஆப்பிரிக்கன் புக்ஸ் கலெக்டிவ்ல தேடுங்க, 1989லேர்ந்து வித்துக்கிட்டு இருக்காங்க, பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல இந்தியாவுக்கும் அனுப்புவாங்க.