கம்ப்ளையன்ஸ்: இணக்கமா, கடைப்பிடிப்பா?

மணலியில் ஒரு தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகைகளைத் தமிழாக்கித் தரச் சென்றிருந்தபோது, வாயிற்காவலர் என் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, “கம்ப்ளைன்ட் ஆபீசரையா சார் பாக்கணும்?” என்று கேட்டார். நான் பார்க்க வந்தது, சட்டமும் விதியும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரியை. அவர் காதில் அந்தச் சொல் புகாராக விழுந்திருந்தது. வடசென்னைத் தொழிற்பேட்டைகளில் நாள்தோறும் புழங்கும் சொல்லுக்கு, வாசலில் நிற்பவருக்கும் விளங்கும் தமிழ் இன்னும் அமையவில்லை என்பது அன்று உறைத்தது.

இச்சொல்லின் வேர் ‘கொம்ப்ளேரே’ என்னும் இலத்தீன் வினை. நிரப்புதல், முழுமையாக்குதல் என்பது அதன் பொருள். ஸ்பானியம், இத்தாலியம் போன்ற மொழிகளின் வழியே 17ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் இடம்பிடித்தது. பாராட்டைக் குறிக்கும் ‘காம்ப்ளிமென்ட்’ இதற்கு உடன்பிறப்பு. கடமையை நிறைவேற்றுதல் என்று நாம் சொல்லும்போதும் நிறைவு என்னும் அதே உருவகம் இருப்பதைக் கவனிக்கலாம். பிறர் விருப்பத்துக்கு வளைந்துகொடுத்தல் என்னும் பொருளும் ஆங்கிலத்தில் இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. நிறுவனங்களின் வழக்கிலோ, சட்டமும் ஒழுங்குமுறை அமைப்பும் நிறுவனத்தின் சொந்த விதிகளும் கேட்பதைச் செய்வதும், செய்ததற்குச் சான்று வைத்திருப்பதும் சேர்ந்ததே கம்ப்ளையன்ஸ்.

பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு ‘இணக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இணக்கத்தின் எதிர்ச்சொல் பிணக்கு. இரண்டும் ஆட்களுக்கிடையே நிகழ்பவை. விதியோடு யாரும் பிணங்குவதில்லை, அதை மீறுகிறார்கள். இதைவிடப் பெரிய இடையூறு பேச்சுவழக்கில் இருக்கிறது. ‘ஆய்வுக்கு வந்தவரிடம் இணக்கமாகப் போய்விடு’ என்று ஒரு பட்டறை முதலாளி தம் மேலாளரிடம் சொன்னால், அது விதியைக் கடைப்பிடிக்கச் சொல்வதாகாது. கடைப்பிடிக்காததைப் பேசி முடிக்கச் சொல்வதாகும். தடுக்க வேண்டிய செயலையே நினைவூட்டும் சொல்லை அதற்குரிய துறையின் பெயராக வைப்பது பொருந்தாது.

அதே வளாகத்தில் சுவரில் மாட்டியிருந்த ஒரு தீயணைப்பானின் கழுத்தில் சோதனை அட்டை தொங்கியது. மாதத்துக்கு ஒரு கட்டமாகப் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே கையெழுத்து. நாங்கள் நின்றிருந்தது அக்டோபரில், ஆனால் நவம்பருக்கும் டிசம்பருக்கும் உரிய கட்டங்களிலும் கையெழுத்து இருந்தது. அட்டையைப் பொறுத்தவரை எல்லாம் நிறைந்திருந்தது, இலத்தீன் வேரின் நேர்ப்பொருளிலேயே.

எனவே நான் ‘விதிக் கடைப்பிடிப்பு’ என்று எழுதுகிறேன். கடைப்பிடித்தல் என்பது உறுதியாகப் பற்றி, நழுவவிடாமல் ஒழுகுதல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததை அறிந்து கடைப்பிடித்து உண்ணச் சொல்லும் இடத்தில் (944) இவ்வினை வருகிறது. அறிதல் முதலிலும் பிடித்தல் பிறகும் நிற்கும் அந்த வரிசை நமக்கும் பொருந்துகிறது. ‘கம்ப்ளையன்ஸ் புரோகிராம்’ என்பதைத் திட்டம் என்பதைவிட ‘விதிக் கடைப்பிடிப்பு ஏற்பாடு’ என்பது நல்லது. திட்டத்துக்கு முடிவு உண்டு, இது தொடர்ந்து நடப்பது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 134ஆம் பிரிவில் இயக்குநர்களிடம் கேட்பதும் இதைத்தான்: பொருந்தும் சட்டங்கள் அனைத்தையும் பின்பற்ற உரிய முறைமைகளை வகுத்திருப்பதாகவும், அவை போதுமானவையாக இருந்து திறம்படச் செயல்படுவதாகவும் அவர்கள் அறிக்கை தர வேண்டும்.

ஏற்பாடு ஏட்டில் மட்டுமே இருந்து குற்றம் வெளிப்பட்டுவிட்டால், அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து வருபவரே ‘இண்டிபெண்டன்ட் மானிட்டர்’. மானிட்டர் என்பதும் இலத்தீன்தான். எச்சரித்தல், நினைவூட்டல் என்னும் பொருளுடைய ‘மொனேரே’ அதன் வேர். நம்மூர்த் திண்ணைப் பள்ளிகளில் இதே வேலையைச் செய்தவர், மற்ற மாணவர்களை மேற்பார்த்த மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை இங்கே நடத்திப் பார்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அங்கே அது ‘மெட்ராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. ஆனால் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் ஆள். தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் வரும் கங்காணியோ, ‘கண்காணி’ என்னும் நல்ல தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயரைத் தாங்கிக்கொண்டு துரையின் ஆளாக நின்றவர்.

இவ்விருவரிடமும் இல்லாததுதான் இங்கே இன்றியமையாதது. அமெரிக்க நீதித் துறை 2008 மார்ச்சில் வகுத்த நெறிகளின்படி, மானிட்டர் நிறுவனத்துக்கும் ஊழியர் அல்லர், அரசுக்கும் முகவர் அல்லர். பழைய குற்றத்தை மீண்டும் துருவுவது அவர் வேலையன்று. அது திரும்ப நிகழாதபடி ஏற்பாடு உண்மையில் இயங்குகிறதா என்று பார்த்துக் குறைகளை எடுத்துரைப்பதே வேலை. கையூட்டு வழக்கில் 2008 டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளுக்கு 80 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்ட சீமென்ஸ் நிறுவனத்துக்கு, ஜெர்மனியின் முன்னாள் நிதியமைச்சர் தியோ வைகல் இப்படித்தான் 4 ஆண்டுக் காலத்துக்கு வந்தார். ஊதியத்தை நிறுவனமே தருகிறது என்பதால், கூலி தருபவரைக் குறைசொல்ல முடியுமா என்னும் ஐயம் இம்முறையை விட்டு நீங்கியதே இல்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பொதுத்துறை நிறுவனங்களின் பெரிய ஒப்பந்தப்புள்ளிகளில், கையூட்டு கொடுப்பதோ வாங்குவதோ இல்லை என்று இருதரப்பும் கையெழுத்திடும் நேர்மை உடன்படிக்கையை, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற வெளிக் கண்காணிப்பாளர்கள் கவனிக்கிறார்கள். அவர்கள் வருவது குற்றத்துக்குப் பிறகு அன்று, ஒப்பந்தம் நடக்கும்போதே. ‘கண்காணிப்பாளர்’ என்ற சொல் காவல் துறை முதல் அலுவலகப் பிரிவு வரை மேலதிகாரத்தைச் சுட்டுவதால், ‘சார்பற்ற’ என்னும் அடையை எந்த இடத்திலும் விட்டுவிடாமல் ‘சார்பற்ற கண்காணிப்பாளர்’ என்றே எழுதுவேன். ‘சுயேச்சை’ வேண்டாம், அதைத் தேர்தல் வேட்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

‘விதிக் கடைப்பிடிப்பு அலுவலர்’ என்று எழுதிய பலகையை வாயிலுக்கருகே மாட்டியபோது அந்தக் காவலர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்போ கம்ப்ளைன்ட் எங்க சார் குடுக்கிறது?” என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழிமுறை வேண்டும் என்று மேலே சொன்ன நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆம் பிரிவே சொல்கிறது. அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, பலகையின் அடியில் இரண்டாவது வரியைச் சேர்த்தோம்: ‘முறைகேடு பற்றிய புகார்களையும் இங்கே தரலாம்.’