வேப்பிங், இழுப்பு, வலிப்பு

காட்பாடியில் எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார்: "பையன் பையில பேனா மாதிரி ஒண்ணு கிடைச்சுதுப்பா. வேப்புன்னு சொல்றான். அத இழுத்தா இழுப்பு வருமாமே, நெசமா?"

வேப் என்பது மின்சிகரெட். அக்கா 'இழுப்பு' என்றது வலிப்பை. இரண்டு இடத்திலும் ஒரே 'இழு'. அது தற்செயல்தான், ஆனாலும் வலிப்பு என்ற சொல்லின் வேர் அங்கேயே இருக்கிறது. 'வலித்தல்' என்றால் இழுத்தல். துடுப்பு வலிப்பது என்கிறோமே, அதே வலித்தல். தசைகள் கட்டுப்பாடு இல்லாமல் இழுபடுவதால் வலிப்பு. 'கால் கை வலிப்பு'தான் பேச்சில் தேய்ந்து 'காக்காய் வலிப்பு' ஆனது என்பார்கள். காக்கைக்கும் நோய்க்கும் எந்த உறவும் இல்லை. பேச்சு வழக்கில் 'இழுப்பு' மூச்சிரைப்புக்கும் வரும். பக்கவாதத்தையும் 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு' என்கிறோம். அதனால் மருத்துவரிடம் 'இழுப்பு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், கை கால் உதறியதா, நினைவு தப்பியதா என்று கண்டதைச் சொல்வது நல்லது.

'வேப்' என்பது 'வேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அதன் மூலம் லத்தீன், பொருள் நீராவி. 2003-இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கிய கருவி பரவிய பிறகு சொல்லும் பரவியது. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. ஆனால் உள்ளே போவது வெறும் நீராவி அல்ல. நிகோடின், புரோபிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருள்கள் கலந்த திரவம் சூடாகி நுண்துளிகளாக நுரையீரலுக்குள் போகிறது.

தமிழில் இதை 'ஆவி' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். சளி பிடித்தால் நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்கிற வீடுகள் நம்முடையவை. அந்தச் சொல்லைக் கேட்டால் தாய்மார்களுக்கு மருந்து நினைவு வரும், நஞ்சு வராது. கருவிக்கு மின்சிகரெட், செயலுக்கு மின்புகை இழுத்தல் என்பதே என் தேர்வு. அறிவியல்படி அது புகை இல்லைதான். ஆனாலும் 'புகை' என்ற சொல்லில் எச்சரிக்கை இருக்கிறது.

இனி அக்காவின் கேள்வி. நிகோடின் அளவுக்கு மீறி உடலில் ஏறினால் நரம்புகளைத் தூண்டிவிட்டு வலிப்பு வரவைக்கும். திரவத்தை விழுங்கியவர்களிடம் இது முன்பே தெரிந்த ஆபத்து. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மின்சிகரெட் பயன்படுத்தியபின் வலிப்பு வந்ததாக 35 புகார்கள் கிடைத்ததாகச் சொன்னது. ஆகஸ்டில் அது 127 ஆனது. சிலருக்குச் சில முறை புகை இழுத்ததுமே வந்தது, சிலருக்கு ஒரு நாள் கழித்து. சிலருக்கு முன்பே வலிப்பு இருந்தது, சிலர் வேறு போதைப்பொருளும் எடுத்திருந்தார்கள். அதனால் இதுதான் காரணம் என்று அந்த நிர்வாகம் முடிவு கட்டவில்லை. சந்தேகம் மட்டும் நியாயமானது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட் விற்பதே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையனுக்கு அதை விற்றவர் சட்டத்தை மீறியவர்.

அக்காவிடம் சொன்னேன்: "பையனைத் திட்டாம உக்காரவெச்சுப் பேசுங்கக்கா. எப்பவாவது வலிப்பு வந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில சாவி கொடுக்காதீங்க, வாயில எதுவும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா 108. டாக்டர்கிட்ட இந்தப் பேனா விஷயத்த மறைக்காம சொல்லிடுங்க. நீங்க சொல்லாம அவருக்குத் தெரியாது."