நிறம் வந்துவிட்டது, வெந்துவிட்டதா?

டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜப்பானியச் சமையல் சொல்லித்தருகிறேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் பென்டோ எனப்படும் டப்பா சாப்பாடு தயாரிக்கும் ஒரு சமையற்கூடத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான் என் வேலை. வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கராஆகே, அதாவது ஜப்பானியர்களின் பொரித்த கோழி. தவறு அதிகம் நேர்வதும் அதில்தான்.

சென்ற மாதம் ஒரு அம்மா வீட்டில் செய்ததை டப்பாவில் கொண்டு வந்திருந்தார். மேலே அழகான தேன் நிறம். தட்டினால் சத்தம் கேட்கும் மொறுமொறுப்பு. இருப்பதில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினேன். நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு இளஞ்சிவப்பாக, கண்ணாடி போலப் பளபளத்தது. "நல்லா சிவந்த பிறகுதானே எடுத்தேன்" என்றார், முகம் வாடிப்போய். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொரியலை நிறம் பார்த்து இறக்கிப் பழகியவர்கள் நாம். கராஆகேயில் அந்தக் கணக்கு செல்லாது.

காரணம் சோயா சாஸ். அதில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இருக்கின்றன. சூடான எண்ணெயில் இவை இரண்டும் சேர்ந்தால் மேல்பரப்பு சட்டென்று பழுப்பாகிவிடும். மிரின் என்ற இனிப்பான சமையல் மது ஊற்றியிருந்தால் இன்னும் வேகம். 180 டிகிரி எண்ணெயில் இரண்டு நிமிடத்திலேயே எடுக்கத் தோன்றும் நிறம் வந்துவிடும், நடுப்பகுதியோ அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருக்கும்.

வேகாத கோழியில் நான் அஞ்சுவது கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு. கோழியின் குடலில் அதற்கு எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்வது அது. ஆகவே "இன்றைக்கு வாங்கிய புதுக் கறி" என்பது பாதுகாப்பாகாது. சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரலாம். சாப்பிட்ட அன்றே வராது, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் கோழி நினைவிலிருந்தே போயிருக்கும், பழி நேற்றுக் குடித்த பாலின் மேல் விழும். அபூர்வமாகச் சிலருக்கு, சில வாரங்கள் கழித்து நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கியான்-பாரே நோய் வரை இது கொண்டுபோய்விடும். ஜப்பானிய சுகாதார அமைச்சகம் சொல்லும் அளவு: துண்டின் மையம் 75 டிகிரியில் குறைந்தது ஒரு நிமிடம் இருக்க வேண்டும்.

"இங்கே கோழியைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்களே" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். ககோஷிமா, மியாசாகி மாகாணங்களில் அந்த வழக்கம் உண்டு. அதற்கென அங்கே தனிச் சுகாதார வரையறைகளும் உண்டு. நாம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் கோழி சமைத்துச் சாப்பிடுவதற்கானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறியைக் குழாயடியில் அலசாதீர்கள். நமக்கு மனசு ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை, விட ஒரு வருடம் ஆனது. தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் கீரையிலும் டம்ளரிலும் கிருமியைக் கொண்டு சேர்க்கும். கிச்சன் பேப்பரால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும்.

இனி செய்முறை. தோலோடு உள்ள எலும்பில்லாத தொடைக்கறி 600 கிராம். துண்டு ஒவ்வொன்றும் 30 கிராம் போல, எல்லாம் ஒரே பருமனில். சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, சாகே என்ற அரிசி மது ஒன்று, துருவிய இஞ்சி, ஒரு பல் பூண்டு. மிரின் நான் சேர்ப்பதில்லை. சாகேயிலும் மிரினிலும் ஆல்கஹால் உண்டு, வேண்டாதவர்கள் இரண்டையும் விட்டுவிடலாம், சுவை கெடாது. ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் ஊறட்டும். இரவு முழுக்க ஊறவைத்தால் உப்பு கறியின் நீரை இழுத்துவிடும், இஞ்சியில் உள்ள நொதி மேல்பரப்பைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். ஊறியதும் நீரை வடித்து, கதகுரிகோ மாவில் புரட்டுங்கள். ஒரு காலத்தில் காட்டு லில்லிச் செடி ஒன்றின் கிழங்கிலிருந்து எடுத்த மாவு அது. இன்று அந்தப் பெயரில் விற்பது உருளைக்கிழங்கு ஸ்டார்ச். கோதுமை ஒவ்வாதவர்கள் இந்த மாவைப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது, வழக்கமான சோயா சாஸிலேயே கோதுமை இருக்கிறது.

எண்ணெய் 160 டிகிரியில் இருக்கும்போது, ஒரு தடவைக்கு ஆறேழு துண்டு மட்டும் போட்டு மூன்று நிமிடம். எடுத்துக் கம்பித் தட்டில் நான்கு நிமிடம் வையுங்கள். அந்த நான்கு நிமிடத்தில் வெளியே உள்ள சூடு உள்ளே இறங்கும், உள்ளே உள்ள ஈரம் வெளியே வரும். பிறகு 185 டிகிரியில் ஒரு நிமிடம். ஈரம் பறந்து மொறுமொறுப்பும் நிறமும் இப்போதுதான் வர வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி மாவுக் கரைசலை விடுங்கள். அடிவரை போய் மெதுவாக மேலே வந்தால் 160, மேலேயே சிதறினால் 180க்கு மேல். கடைசியில் இருப்பதிலேயே பருமனான துண்டின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 75 தாண்டி ஒரு நிமிடமாவது அப்படியே இருந்தால் இறக்கலாம்.

ஊருக்கு ஊர் வகை மாறும்போது நிறத்தின் பேச்சும் மாறும். நாரா பக்கம் தட்சுதா ஆற்றங்கரையின் செவ்விலை மேப்பிள் மரங்களை வைத்துப் பெயர் பெற்றது தட்சுதா-ஆகே. சோயா சாஸும் மிரினும் சேர்வதால் மிக விரைவில் சிவக்கும், மெல்லிய துண்டுகளாகவே செய்யுங்கள். ஓய்தாவின் தோரிதென் நேர்மாறு. தெம்புரா எனப்படும் ஜப்பானிய பஜ்ஜியைப் போல மாவில் தோய்த்துப் பொரிப்பது, வெந்த பிறகும் வெளிறித்தான் இருக்கும். நிறம் வரட்டும் என்று காத்திருந்து அதைக் கட்டையாக்கிவிடுகிறார்கள். மியாசாகியின் சிக்கன் நன்பானில் முதலில் மாவு, அதன் மேல் முட்டை. முட்டை சீக்கிரம் சிவப்பதால், பெரிய கறியைக் கீறி விரித்துச் சமப் பருமனாக்கிய பிறகே எண்ணெயில் போட வேண்டும். எடுத்த சூட்டோடு இனிப்பு வினிகரில் முக்கி, டார்டார் சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நகோயாவின் இறக்கைப் பொரியலில் எலும்பு இருப்பதால் 160இல் எட்டு நிமிடமாவது தேவை, சூட்டைக் கூட்டுவது அதன் பிறகுதான்.

கடைசியாக எண்ணெய். ஜப்பானில் 2008 அக்டோபர் முதல், ஒற்றை பர்னர் அடுப்பு தவிர்த்த வீட்டு எரிவாயு அடுப்புகளின் எல்லா பர்னர்களிலும் எண்ணெய் அதிகம் சூடானால் அணைக்கும் சென்சார் கட்டாயம். ஆனால் அது சட்டியின் அடியைத் தொட்டால்தான் வேலை செய்யும். நம் வீட்டு வட்ட அடிக் கடாய்க்கும், மேசையில் வைக்கும் கேசட் அடுப்புக்கும் அதை நம்ப முடியாது. சமையல் எண்ணெய் 370 டிகிரி அளவில் தானாகவே பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைக்க முடிந்தால் அணைத்து, பக்கவாட்டிலிருந்து மூடியை நகர்த்தி மூடுங்கள்.

அரித்தெடுத்த மாவுத் துணுக்குகளையும் கவனியுங்கள். சூட்டோடு குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து குவியலின் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். மேலே கை வைத்தால் ஆறியது போலிருக்கும், பல மணி நேரம் கழித்துத் தீப்பிடித்த சம்பவங்கள் இங்கே உண்டு. தட்டில் பரப்பி ஆறவிட்டு, தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்த பிறகே குப்பைப் பையில் போடுங்கள்.