பன்மருந்துப் பாவனை: ‘பல்மருந்தகம்’ வேண்டாம்

‘பாலிஃபார்மசி’யைப் ‘பல்மருந்தகம்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். முதியோர் இல்லப் பராமரிப்பாளர்களுக்கான தமிழ்க் கையேடுகளில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது.

கிரேக்கத்தில் ‘பொலி’ என்றால் பல. ‘ஃபார்மக்கோன்’ மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். ஒருவர் ஒரே காலத்தில் பல மருந்துகள் எடுப்பதே பாலிஃபார்மசி. ஐந்தும் அதற்கு மேலும் என்பது பொதுவான கணக்கு.

இதில் கடை எங்கே வந்தது? ஆங்கிலத்தில் கடைக்கும் ‘ஃபார்மசி’ என்ற பெயர் இருப்பதால் அகராதியைப் பார்த்து ‘மருந்தகம்’ என்று ஒட்டிவிட்டார்கள். பல்மொழி என்று பொதுவாக எழுதுவதில்லை, பன்மொழி என்றே எழுதுகிறோம். ‘பல்மருந்தகம்’ என்றால் பல்லுக்கு மருந்து விற்கும் கடை என்றே கண் வாசிக்கும். ‘பல்மருந்தகம் ஆபத்தானது’ என்பதை ஹட்டனில் ஒரு பராமரிப்பாளர் வாசித்தால், பல பாமசிகளில் மருந்து எடுக்கக் கூடாதாக்கும் என்று விளங்கிக்கொள்வார். ஒரே பாமசியில் ஒன்பது வகைக் குளிசை வாங்குகிற வீட்டுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது.

‘மிகைமருந்து’ என்பாரும் உண்டு. அது அளவுக்கு மீறி விழுங்கியதைச் சொல்லும் சொல். இதய பலவீனமும் சீனி வருத்தமும் சேர்ந்தவருக்கு ஆறு மருந்தும் தேவைப்படலாம். பெயரிலேயே குற்றத்தை வைத்தால் பயந்து தானாக நிறுத்திவிடுவார். நெஞ்சுவலிக்குத் தரும் அட்டெனோலோலைத் திடீரென விட்டால் அந்த வலி திரும்பலாம். பதற்றத்துக்கு நெடுநாள் எடுத்த டயசிபாமைச் சட்டென விட்டால் வலிப்புவரை போகலாம்.

ஆகவே ‘பன்மருந்துப் பாவனை’. பாவனை வடசொல்தான், தமிழ்நாட்டில் அதற்குப் பொருளும் வேறு, அவர்கள் ‘பயன்பாடு’ என்று எழுதட்டும். மலையகத்தில் எல்லோர் வாயிலும் உள்ள சொல்லைத் தூய்மைக்காகத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. தீங்கானதைத் தனியே சொல்ல ‘பொருந்தாப் பன்மருந்துப் பாவனை’ போதும்.

அது எப்படி வளர்கிறது? பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம்; கணுக்கால் வீங்குகிறது. அது மருந்தின் பக்கவிளைவு என்று பாராமல் நீர் இறங்க ஃபுரூசமைட் சேர்கிறது. அந்த வீக்கம் அதற்குச் சரியாக வற்றாது. சிறுநீர் அடிக்கடி வரும். நுவரெலியாக் குளிரில் இரவு எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும், விழுவார். தடிமனுக்குப் ‘பிரிட்டன்’ (Piriton) குளிசையும் இருந்தால் மயக்கமும் குழப்பமும் கூடும். பல நேரம் அம்லோடிபினை 5க்குக் குறைப்பதே தீர்வு. அதை மருத்துவர் செய்ய வேண்டும்.

மருத்துவருக்கு உதவ, கசாயம், ஆயுர்வேத மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். உட்கார்ந்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்க வேண்டும். மேல் எண் 20 குறைந்தால் கவனம். சிறுநீரகப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். குறைப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒன்று.

மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் நேரே அது ஏன் தரப்பட்டது என்று எழுத ஒரு நிரல் வேண்டும். நோயாளி சொல்லும் தொல்லையைக் குறிக்கும் ‘அறிகுறி’ என்ற சொல்லையே அந்த நிரலுக்கும் தலைப்பாக இடுகிறார்கள். தாதி அதில் ‘இருமல்’, ‘தலைவலி’ என்று அன்றைய முறைப்பாட்டை நிரப்பிவிடுகிறார். ‘எதற்காக’ என்று போட்டால் சரியாக எழுதுவார்.