மூன்றாவது வாரத்தில் தைத்துக்கொள்ளுங்கள்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற கீமோ வார்டில் பதினோரு வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். நோயாளிக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் மனப்பாடம். கூட வருகிறவருக்கு என்ன சொல்வது என்பதுதான் ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. "தைரியமா இருங்க" என்பேன், அதோடு சரி.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர், பெருங்குடலில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கீமோவுக்கு வந்திருந்தார். முதல் நாள் அவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அக்கா கட்டைப்பையிலிருந்து தலையில்லாத ஒரு கரடி பொம்மையை எடுத்து, ஒரு குச்சியால் கால் நுனி வரைக்கும் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "மருந்து ஏறிட்டிருக்கு, இப்பப் போய் பொம்மையாக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்க வூட்டுக்காரரு மண்டிக்குப் போயி மூணு மாசமாச்சு சிஸ்டர். இந்தக் கரடிங்கதான் எங்கள இங்க கூட்டிட்டு வருது" என்றார்.

கரடி பொம்மை தைத்து விற்கிறவர் அக்கா. கணக்கு உண்மைதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது, கீமோவும் அதில் வரும். ஆனால் ஆட்டோ, இளநீர், வாய்ப்புண்ணுக்கு இறங்குகிற மாதிரி கஞ்சி, நின்றுபோன கூலி, இதையெல்லாம் எந்தக் கார்டும் தராது. அக்காவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, சரி. கீமோ முடிந்து வாந்தி வருகிற மாதிரி இருக்கிற ஆளை டவுன் பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிப்போக முடியுமா? அன்றைக்கு ஆட்டோதான். ஆட்டோவுக்கு ஒரு கரடி.

அதனால் இப்போதெல்லாம் வேலையை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. கீமோ தேதியைப் பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அக்காவின் கணவருக்குக் கொடுத்தது 21 நாளைக்கு ஒரு சுற்று. முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ரத்தக்குழாய் வழியாக ஏறும். அதோடு கேபசிடாபின் மாத்திரை, காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள், 14 நாள். பிறகு 7 நாள் மாத்திரை இல்லை. முதல் சில நாள் குமட்டல், சோர்வு. இரண்டாவது வாரத்தை ஒட்டி, கிருமியை எதிர்க்கிற ரத்த அணுக்கள் இறங்கும். மூன்றாவது வாரம்தான் மனிதர் எழுந்து உட்கார்ந்து, "டீ போடு" என்று அதட்டுவார். அக்காவின் டைரியில் இதை மூன்று நிறத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் கண், மூக்கு, வாய் தைக்கிற சின்ன வேலை மட்டும். அவர் கூப்பிட்டதும் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடலாம். மெஷினில் உட்காருவது, புசுபுசுவென்ற பர் துணி வெட்டுவது, ஆர்டர் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் மூன்றாவது வாரம்.

டெலிவரி தேதியை மட்டும் அடுத்த கீமோ தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை செய்வோம், அணுக்கள் குறைவாக இருந்தால் ஒரு வாரம் தள்ளி வரச் சொல்வோம். அப்போது அந்த மூன்று நிறக் கோடும் தள்ளிப்போகும். பிறந்தநாள் கரடி கேட்கிறவர் தள்ளிப்போக மாட்டார். "பத்து நாள் முன்ன பின்ன ஆகும், பரவாயில்லன்னா சொல்லுங்க" என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதி ரத்தக்கொதிப்பு மிச்சம்.

இரண்டாவது சுற்று முடிந்த வாரம் ஒரு ஃபோன். "சிஸ்டர், கத்திரிக்கோலத் தொட்டா அவருக்கு ஷாக் அடிக்குதாம்." மார்கழி மாதம், விடிகாலை, நம்ம ஊர்க் குளிர் தெரியுமே. வெட்டின துணியை எடுத்து அடுக்கித் தரலாம் என்று உட்கார்ந்தவர் ஜில்லென்று கிடந்த இரும்புக் கத்திரிக்கோலைப் பிடித்ததும் உதறிவிட்டார். ஆக்சாலிபிளாட்டின் செய்கிற வேலை அது. குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் விரல் நுனியில் சுருக்கென்று இழுக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும். சில நாளில் பெரும்பாலும் குறைந்துவிடும். அதுவரை வெந்நீர், கையுறை, கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி வைப்பது. சுற்றுகள் ஏற ஏற விரல் மரத்துப்போய் அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. சட்டைப் பட்டன் போட முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்றால் அடுத்த சுற்றுக்கு முன்னால் எங்களிடம் சொல்ல வேண்டும், மருந்தின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் பார்ப்பார். நிறைய பேர் இதைச் சொல்வதே இல்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

இன்னொரு நாள் மாத்திரையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஊசி, நூல்கண்டு, கரடிக்கு வைக்கிற கறுப்பு பிளாஸ்டிக் கண்கள், அவற்றுக்கு நடுவில் அட்டையிலிருந்து பிரித்துப்போட்ட கீமோ மாத்திரைகள். பக்கத்து வீட்டுக் குழந்தை கண் என்று நினைத்து எடுத்து வாயில் போட்டிருந்தால்? அந்த மாத்திரையை வெறுங்கையால் தொடக் கூடாது, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, தனி டப்பாவில் உயரமான இடத்தில் இருக்க வேண்டும். மருந்து ஏறின பிறகு குறைந்தது 48 மணி நேரம் அவருடைய சிறுநீர், வாந்தி பட்ட துணிகளைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும், மாத்திரை எடுக்கிற நாட்களிலும் அப்படியே. அந்த வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பொம்மைத் துணியைத் தொடக் கூடாது. அந்தக் கரடியைக் கடித்து விளையாடப்போவது ஒரு குழந்தை. (மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், நூலால் கண் தைத்துவிடுங்கள் என்று சொல்லப் போனேன். "அது எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்று சிரித்துவிட்டார்.) பர் துணி வெட்டும்போது பறக்கிற தூசு கணவருக்கு இருமலைக் கிளப்பும், அதைத் திண்ணையில் வைத்து வெட்டட்டும்.

நான்காவது சுற்றில்தான் நாங்கள் எல்லோருமே பயந்துபோனோம். பதினோராம் நாள் ராத்திரி அவருக்கு உடம்பு சுட்டது. மறுநாள் காலை ஐந்து கரடி கொடுக்க வேண்டும். அக்கா ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்தார், சூடு இறங்கியது, விடிய விடியத் தைத்தார். காலை ஒன்பது மணிக்கு எங்களிடம் வரும்போது அவருக்குக் குளிர் நடுக்கம், பிரஷர் இறங்கிவிட்டது. ஐந்து நாள் உள்ளே படுத்து எழுந்து வந்தார், பிழைத்தார். தப்பு அக்காவுடையது மட்டும் இல்லை. டைரியில் கோடு போட்ட நான் அந்த இரண்டாவது வாரத்துக்கு நேராக 100.4 என்று எழுதியிருக்க வேண்டும். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது ஆஸ்பத்திரிக் காய்ச்சல், மாத்திரை போட்டு விடியட்டும் என்று காத்திருக்கிற காய்ச்சல் இல்லை. ராத்திரி ரெண்டு மணி என்றாலும் 108. அதே மாதிரி, ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு போனால் கீமோ மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும். நூறு ரூபாய் தெர்மாமீட்டர் ஒன்று தையல் மெஷின் பக்கத்திலேயே கிடக்கட்டும்.

அந்த ஐந்து நாளில் சொந்தக்காரர்கள் பேசின பேச்சு வேறு. "புருசன் சாகக் கெடக்குறான், இவ பொம்மை தைச்சிட்டு உக்காந்திருக்கா." பேசினவர்களில் ஒருத்தர்கூட ஒரு ராத்திரி துணைக்குப் படுக்கவில்லை. அக்காவுக்கு நான் பிரஷர் பார்த்தேன், 170/100. தனக்குப் போட வேண்டிய மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது, அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வர நேரம் இல்லையாம். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவந்து தருகிற திட்டம் 2021 ஆகஸ்டில் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நடக்க முடியாமல் படுத்திருக்கிற நோயாளிக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் அதிலேயே உண்டு. ஊர் சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுக்கச் சொன்னேன்.

பெங்களூருக்கு ஸ்கேனுக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் ரயில் சலுகைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். ஸ்லீப்பரில் புற்றுநோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. தருமபுரிக்காரர்களுக்கு வசதி. கிருஷ்ணகிரி ஊரில் ஸ்டேஷனே இல்லை, அது தனிக் கதை.

ஆறாவது சுற்றுக்கு வந்த அன்று அவருக்கு அணுக்கள் குறைவு. ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றேன். முன்பெல்லாம் அக்கா முகம் தொங்கிவிடும். அன்றைக்கு டைரியை எடுத்தார், மூன்று கோடுகளையும் ஏழு கட்டம் தள்ளிப் போட்டார், யாருக்கோ ஃபோன் செய்து "அடுத்த புதன்தான் ஆகும்ங்க" என்றார். ஆட்டோ வருகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு காதை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். கம்பளிக் கையுறை போட்ட கையோடு கணவர் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.