முதலில் 1930, கணினியைப் பிறகு பார்ப்போம்

வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்தவர்களில் பலர், வங்கிக்குச் சொல்வதற்கு முன்பே கணினியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். "முதலில் வைரஸை எடுத்துவிடுங்கள் சார், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். இந்த வரிசைதான் அவர்களைக் கெடுக்கிறது. வைரஸ் நாளைக்கும் அங்கேயே இருக்கும், பணம் இருக்காது.

திருடிய பணத்தை வாடகைக்குப் பிடித்த வங்கிக் கணக்குகள் வழியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, ரொக்கமாக எடுத்துவிடுவார்கள். அதற்குள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் போனால், தொகை எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ஓ.டி.பி.யை நாமே சொல்லி ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. வெட்கப்பட்டு, வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. ஏமாந்தது குற்றமல்ல, ஐயா.

இனி கணினி. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, அலறும் ஒலி, நடுவில் ஒரு தொலைபேசி எண். அது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் போடுவதே இல்லை. எஸ்கேப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கணினியையே அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று பிரவுசர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த எண்ணை அழைத்தால்தான் வினை தொடங்குகிறது. எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்வார்கள். நேர்மையான வேலைக்கு நாங்களும் பயன்படுத்தும் செயலிதான் அது. ஆனால் அதில் தெரியும் எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால், உங்கள் கணினியை அவர்கள் இயக்கலாம். பிறகு, கணினியில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, வரிசையாக நிற்கும் சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி "இத்தனை வைரஸ்" என்று பயமுறுத்துவார்கள். நன்றாக ஓடும் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும்.

அனுமதி கொடுத்துவிட்டீர்களா? உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போய்ச் சேரலாம். மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்ற பல கணக்குகளை அதன் வழியாகத்தான் மீட்க முடியும். அந்தச் செயலியை நீக்கிவிட்டால் போதும் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. தேவையான கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நல்லது.

யாரும் அழைக்காமலேயே நடக்கும் திருட்டும் உண்டு. காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட்ட உதவும் கிராக் கோப்புகளில், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் குக்கிகளையும் அள்ளிச் செல்லும் நிரல் ஒளிந்திருக்கலாம். குக்கி கிடைத்தால் பல தளங்களில் கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ இல்லாமலேயே நுழைந்துவிடலாம். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எந்தக் கோப்பையும் நிறுவாதீர்கள். எங்கள் தொழிலிலேயே சிலர் கிராக் போட்டுக் கொடுக்கிறார்கள். அது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆதார். ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுத்த ஆதார், அந்தக் கணினியிலேயே தங்கிவிடக்கூடும்; கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே பதிவிறக்கலாம்; கைரேகைப் பதிவையும் பூட்டி வைக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். உங்களுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவித்துவிடுங்கள்.