மகாமா – சொல் விளக்கம்

‘மகாமா’ என்ற அரபு இலக்கிய வகையை ‘அமர்வு’ என்று தமிழாக்கினால் இயல்பாகத்தான் ஒலிக்கும். பிரெஞ்சு வழியாக வருவோருக்கு அது கைக்கு எட்டும் சொல்லும்கூட. பிரெஞ்சு அரபியலாளர் சில்வெஸ்தர் து சாசி 1822இல் அல்-ஹரீரியின் மகாமாக்களைப் பதிப்பித்தபோது இட்ட பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் அதுவே. ஆனால் சொல்லின் வேரில் இருப்பது அமர்தல் அன்று, நிற்றல்.

காஃப், வாவ், மீம் என்ற மூன்று எழுத்துகளே அதன் வேர். தொழுகையில் நிற்கும் ‘கியாம்’, இறந்தோர் எழுந்து நிற்கும் ‘கியாமத்’ நாள், கஅபாவின் அருகே இப்ராஹீம் நின்ற இடமான ‘மகாம் இப்ராஹீம்’ எல்லாம் அதே வேரில் பிறந்தவை. உட்காரும் அவைக்கு அரபில் வேறு சொல் உண்டு: மஜ்லிஸ். மகாமா முதலில் நிற்கும் இடம். பின்பு குலத்தார் கூடும் இடம், கூடிய மக்கள். அதன்பின் அவை முன் நின்று ஆற்றும் உரை. 9ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் இப்னு குதைபா, ஆட்சியாளர் முன் துறவியர் நின்று சொன்ன அறவுரைகளுக்கு இப்பெயரை வழங்கினார். நூறாண்டு கழித்து ஹமதானைச் சேர்ந்த பதீஉஸ்ஸமான் அல்-ஹமதானி (969–1008) அதே பெயரை எத்தனான ஓர் இரவலனின் பேச்சுக்குச் சூட்டினார். துறவி நின்ற இடத்தில் எத்தன் நிற்கிறான். ‘அமர்வு’ என்றால் இந்த நையாண்டி முழுவதும் போய்விடும்.

அமைப்பு ஏறக்குறைய மாறாதது. கதைசொல்லி ஓர் ஊருக்கு வருகிறான். கந்தல் உடுத்த ஒருவன் சொல்வன்மையால் கூட்டத்தை மயக்கிக் காசு பறிக்கிறான். முடிவில் கதைசொல்லி அவனை அடையாளம் காண்கிறான். அவன் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு நழுவுகிறான். ஹமதானியிடம் கதைசொல்லி ஈசா இப்னு ஹிஷாம், எத்தன் அபுல் ஃபத்ஹ். பஸ்ராவின் அல்-ஹரீரி (1054–1122) எழுதிய 50 மகாமாக்களில் ஹாரிஸ் இப்னு ஹம்மாமும் ஸரூஜ் ஊர் அபூ ஸைதும்.

உரைப்பகுதி முழுவதும் ‘ஸஜ்உ’ நடை. புறா ஒரே சுரத்தில் குனுகுவதற்கான சொல் அது. தொடர்களின் இறுதி ஒன்றுக்கொன்று ஒலி ஒத்து வரும், யாப்பு கிடையாது. இறுதிச் சொல்லின் ஈற்றொலியை விழுங்கி நிறுத்திப் படித்தால்தான் இயைபு கேட்கும். இலக்கண நூலார் காட்டும் எடுத்துக்காட்டு: ‘மா அப்அத மா ஃபாத், வமா அக்ரப மா ஹுவ ஆத்’ (போனது எவ்வளவு தொலைவு, வருவது எவ்வளவு அருகு). ‘ஃபாத’, ‘ஆதின்’ என்று முழுதாக உச்சரித்தால் நடை குலையும். தொடர்களின் நீளத்துக்கும் விதி உண்டு. இரண்டும் சமமாக இருப்பது சிறப்பு, இரண்டாவது சற்று நீளலாம், குறுகினால் குற்றம் என்கிறார் அணிநூலார் இப்னுல் அஸீர் (இறப்பு 1239). முதல் தொடரின் அளவைக் காது எதிர்பார்த்துவிடுவதால், குறுகிய இடத்தில் அது இடறுகிறது.

தமிழில் இதை ‘அடுக்குமொழி’ எனலாமா? கூடாது என்பேன். மேடை அடுக்குமொழி பெரிதும் சொல்லின் தலையில் மோனையையும் எதுகையையும் நம்பி நிற்கிறது; ஸஜ்உ வால் ஒத்த நடை. நம் யாப்பில் அதற்கு நேரான சொல் இயைபு. ஆகவே ‘இயைபுரை’ பொருந்தும். உரைநடுவே பாட்டு வருவதால், சிலப்பதிகாரப் பதிகத்தின் ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்ற தொடரைத் திருப்பிப் போட்டு ‘பாட்டிடையிட்ட இயைபுரை’ என்று வடிவத்தை விளக்கலாம். வகைக்குப் பெயராக ‘மகாமா’வையே வைத்துக்கொள்ளலாம்; கஜலை அப்படித்தான் ஏற்றோம். முதல் இடத்தில் மட்டும் ‘அவையுரைக் கதை’ என்று பொருள் தந்தால் போதும். அரபில் ‘மகாமாத்’ ஏற்கெனவே பன்மை, ‘மகாமாத்கள்’ பிழை.

மொழிபெயர்ப்பில் தமிழ் வைக்கும் பொறி இலவச இயைபு. ‘வந்தார், நின்றார், கேட்டார்’ என்று வினைமுற்றுகள் தாமாகவே ஒத்துப்போகும். காது அதைக் கணக்கில் கொள்ளாது. இயைபு விகுதியில் விழாமல் பெயர்ச்சொல்லில் விழ வேண்டும்: ‘தோளில் கிழிந்த பை, நீட்டினால் நடுங்கும் கை, பேசுவதெல்லாம் பொய், கேட்பவர் நெஞ்சோ உருகும் நெய்.’ இரண்டு மூன்று தொடருக்கு ஒருமுறை ஒலியை மாற்றுவதும் ஸஜ்உவின் இயல்புதான்.

ஹரீரியின் சொல்விளையாட்டுகளைப் பொருள் பார்த்துப் பெயர்ப்பது வீண். விளையாட்டையே பெயர்க்க வேண்டும். மைக்கேல் கூப்பர்சன் 2020இல் 50 மகாமாக்களையும் 50 வகை ஆங்கிலத்தில் எழுதினார். நமக்கு வேறு வசதிகள் உண்டு. 16ஆம் மகாமாவில் இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் தொடர்கள் வருகின்றன. தண்டியலங்காரம் சொல்லும் மாலைமாற்றே அது. 28ஆவதில், சமர்கந்துப் பள்ளிவாசலில், அரபில் புள்ளியில்லாத 13 எழுத்துகளை மட்டுமே கொண்டு ஒரு முழுச் சொற்பொழிவு. தமிழில் புள்ளி மெய்யெழுத்துக்கு உரியது. ஒற்றே இல்லாமல் எழுதிவிட்டால் அதே கட்டுப்பாடு கிடைத்துவிடும். ஆன், ஆர், கள், இல், உம் எதுவும் உதவாது. ஏவல்வினையும் ‘-து’ முடிவும் ஏகாரமும்தான் துணை: ‘நிலையாதது பொருளே, தேயாதது கொடையே, தேடியதை விடு, நாடியவருடனே பகிரு.’